கொழுந்து காத்திருந்த நேரம்: ஒரு தேயிலை ஸ்டோரின் சிமுலேஷன் ஆய்வு

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம். அதன் தேயிலைத் தொழிற்சாலையில் போன வருடம் மே மாதம் தொடங்கி நாலு மாதம் நான் பார்த்த வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தொழிற்சாலையை எங்கள் மலையகத்தில் ஸ்டோர் என்போம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நிஜ வேலையைக் கணினியில் மாதிரியாகக் கட்டி ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள் கையாளுகிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன். முக்கியமாக, மாதிரி சரியாக ஓடுகிறது, வரைபடம் அழகாக வருகிறது, ஆனால் சொல்வது தப்பு என்ற நிலைமையில் மாட்டியவர்களுக்கு. நாங்கள் இரண்டு தடவை மாட்டினோம்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கேட்ட கேள்வி சின்னது: கொழுந்தை அரைக்கும் ரோலர் இன்னொன்று வாங்கினால், மழை நாளில் கொழுந்து வந்து இறங்கும் மடுவத்தில் அது தேங்குவது நிற்குமா?

கொழுந்து தேங்கினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பறித்த இலைக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது, சூடாகிறது. பையில் அமுக்கி வைத்தால் அந்தச் சூடு வெளியே போகாது. இலை சிவந்துபோகும். சிவந்த இலையில் நல்ல தேயிலை வராது, ஏலத்தில் விலை இறங்கும். இத்தனைக்கும் அதைப் பறித்தவர் மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு நின்று பறித்திருப்பார்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். அந்தந்த நிறுவை முடிந்ததும் லொறி ஸ்டோருக்கு வரும், ஏறத்தாழ 10.30, 13.30, 17.30 மணிக்கு. வந்த கொழுந்தை 80 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டுவார்கள். இந்த ஸ்டோரில் 12 தொட்டிகள். காய்ந்த நாளில் ஒரு தொட்டிக்கு 1,000 கிலோ வரை போடலாம். வாடியதும் ரோலரில் அரைபடும், அப்புறம் நொதிக்க விடுவார்கள், அப்புறம் டிரையர், பிறகு சலித்துத் தரம் பிரிப்பது. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும்.

மென்பொருள் தேர்வில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. எனிலாஜிக்கின் இலவசக் கற்றல் பதிப்பு எனக்குப் பழக்கமானது. ஆனால் அது படிக்கிறவர்களுக்கானது, ஒரு கொம்பனியின் முதலீட்டு முடிவுக்கு அதைப் பயன்படுத்த உரிமம் இடம் தராது. ஏரினாவின் மாணவர் பதிப்பில் ஒரே நேரத்தில் 150 உருப்படிகளுக்கு (மாதிரிக்குள் நகரும் பொருள்களுக்கு) மேல் இருக்க முடியாது. உரிம விஷயத்தை வேலை முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், முதல் நாளே பாருங்கள். பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால், மென்பொருள் யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2023இல் ஃப்ளெக்ஸ்சிம்மை ஆட்டோடெஸ்க் வாங்கியது போலக் கைமாறும்போது உரிம முறையும் விலையும் மாறக்கூடும். நாங்கள் எடுத்தது பைத்தானில் ஓடும் சிம்பை. இலவசம், எம்ஐடி உரிமம், வணிக வேலைக்குத் தடையில்லை. கணினியைத் தொடாதவர்களுக்குப் படமாகக் காட்ட ஜாம்சிம் வைத்துக்கொண்டோம். அதுவும் இலவசம், இழுத்துப் போட்டு மாதிரி கட்டலாம்.

சிம்பைக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் பல இரண்டாம் பதிப்புக் காலத்தவை. "யீல்ட் ஹோல்ட்" என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், இப்போது அது ஓடாது. 2020இல் வந்த நாலாம் பதிப்பு பைத்தான் 2ஐயும் கைவிட்டுவிட்டது. இன்னொன்று, ஓட்டத்தை 600ஆம் நிமிடம் வரை என்று கொடுத்தால், சரியாக 600இல் நடக்க வேண்டிய நிகழ்வு நடக்காமலே ஓட்டம் நின்றுவிடும். கடைசி லொறி கணக்கில் விடுபட்டுப்போனதை நாங்கள் கண்டுபிடிக்க அரை நாள் பிடித்தது.

முதல் மாதிரி

துரை கொடுத்த மாதக் கணக்கில் சராசரி வரத்து நாளுக்கு 9,000 கிலோ. வாட்டும் நேரம் சராசரி 14 மணி நேரம். மணிக்கு 375 கிலோ வீதம் கொழுந்து சீராக வருவதாக வைத்து மாதிரியை ஓட்டினோம். தொட்டிகளில் எந்நேரமும் சராசரியாக 5,250 கிலோ. 12 தொட்டிகளின் கொள்ளளவு 12,000 கிலோ. பாதிகூட நிரம்பவில்லை, காத்திருப்பு சுத்தமாக இல்லை.

கணக்கு சரிதானா என்று லிட்டில் விதியையும் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் சராசரியாக எவ்வளவு இருக்கிறதோ அது வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்ற விதி, 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்தது. 375ஐ 14ஆல் பெருக்கினால் 5,250. பொருந்தியது. பொருந்தியதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த விதி மாதிரியின் கணக்கைச் சோதிக்குமே தவிர, மாதிரி ஸ்டோரைப் போல இருக்கிறதா என்று சோதிக்காது. இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அந்த வரைபடத்தை, ஸ்டோரில் தேயிலை செய்வதைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயாவிடம் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோரில் இருக்கிறவர். பொறுமையாகப் பார்த்தார். "தம்பி, நாளைக்கு மழை பேயும். ரெண்டு மணிக்கு வந்து மடுவத்துல நில்லுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போய் நின்றேன். பகல் நிறுவைக் கொழுந்தோடு லொறி வந்திருந்தது, ஆனால் இறக்கவில்லை. மேலே தொட்டி காலியில்லை. லொறியின் பின்கதவுக்குப் பக்கத்தில் கொழுந்தோடு கூட வந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து, "பைக்குள்ள கைய விட்டுப் பாருங்க தம்பி" என்றார். விட்டேன். மேலே இலை மழைநீரில் சில்லென்று இருந்தது. முழங்கை வரை உள்ளே போனதும் காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டமாதிரிச் சூடு. கையை எடுத்தபோது ஒரு வாடை, நறுக்கிய புல்லும் பழுத்த பழமும் கலந்தது போல. அந்த வாடையைப் பிடித்ததுமே டீமேக்கருக்கு எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். அன்றைக்கு அந்த லொறி 55 நிமிடம் நின்றது.

நேரடியாகப் போய்ப் பாருங்கள் என்று எல்லாப் பாடப் புத்தகமும் சொல்கிறது. நானும் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்த நேரத்தில் போய்ப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் அதற்கு முன்பு இரண்டு தடவை போயிருந்தேன். இரண்டு தடவையும் காலை ஒன்பது மணி, இரண்டு நாளும் வெயில். துரை சுற்றிக் காட்டினார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிரச்சினை எந்த நேரத்தில் வருகிறது என்பதை அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்டு, அந்த நேரத்துக்குப் போங்கள்.

தொட்டியை விட்டுவிட்ட தவறு

இரண்டாவது மாதிரியில் கொழுந்து சீராக ஒழுகவில்லை. மூன்று நிறுவை, மூன்று லொறி, ஒவ்வொன்றிலும் தொட்டி தொட்டியாகப் பிரியும் சுமை. ஈர நாளுக்கும் காய்ந்த நாளுக்கும் தனித்தனி எண்கள். டீமேக்கரின் குறிப்புப் புத்தகத்திலிருந்து மூன்று வாரத்து வாட்டும் நேரங்களைப் பிரதி எடுத்தோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வரைந்தபோது ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு மேடு வந்தது, 13 மணி நேரத்துக்குப் பக்கம் ஒன்று, 18 மணி நேரத்துக்குப் பக்கம் ஒன்று. முதல் மாதிரியில் நான் போட்ட 14 மணி இரண்டு மேட்டிலும் இல்லை. தரவில் இரண்டு மேடு தெரிந்தால், அதற்கு எந்தப் புள்ளியியல் பரவல் பொருந்தும் என்று மென்பொருளிடம் கேட்காதீர்கள். இரண்டு வேறு நிலைமைகளை ஒரே பையில் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம், முதலில் பிரியுங்கள்.

ஈர இலையைத் தடிப்பாகப் போட்டால் காற்று ஏறாது. அதனால் மழை நாளில் தொட்டிக்கு 850 கிலோதான். இலையில் ஒட்டிய நீரால் எடையும் கூடும். ஆக, காய்ந்த நாளில் 9 தொட்டி பிடிக்கும் வரத்து ஈர நாளில் 11 தொட்டி பிடிக்கிறது.

இவ்வளவும் சேர்த்து ஓட்டினோம். அப்போதும் மாதிரியில் லொறி நிற்கவில்லை! நான் 55 நிமிடம் நின்று பார்த்த லொறி மாதிரிக்குள் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

இங்கேதான் ஒரே ஒரு சுமையைத் தொடக்கம் முதல் கடைசி வரை பென்சிலால் பின்தொடர்ந்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: ஆயிரம் ஓட்டங்களின் சராசரியைப் பார்க்கும் முன்பு ஒரு உருப்படியின் வாழ்க்கையை வரி வரியாக அச்சிட்டுப் படியுங்கள். ஏழாம் இலக்கச் சுமை 13.40க்குத் தொட்டியில் ஏறியது. மறுநாள் 8.05க்கு வாடி முடிந்தது. 8.05க்கே தொட்டி காலி என்று மாதிரி எழுதியிருந்தது. ஆனால் அந்தக் கொழுந்து ரோலருக்குப் போனது 10.30க்கு. இடையில் இரண்டரை மணி நேரம் அந்த இலை எங்கே இருந்தது? மாதிரியின்படி எங்கேயும் இல்லை. நிஜத்தில் அதே தொட்டியில்தான் கிடக்கும், ரோலர் கூப்பிடும் வரை.

சிம்பையில் "வித்" என்ற நிரல் வரிக் கட்டுக்குள் தொட்டியைக் கேட்டால், கட்டு முடியும் இடத்தில் தொட்டி தானாகவே விடுபடும். நான் வாட்டும் நேரத்தோடு அந்தக் கட்டை முடித்திருந்தேன். ரோலரைக் கேட்கும் வரியை அந்தக் கட்டுக்குள்ளே கொண்டுவர வேண்டும், ரோலர் கிடைத்து இலை இறங்கிய பிறகுதான் தொட்டியை விட வேண்டும். திருத்தம் என்னவோ ஒரு வரியை நாலு இடைவெளி உள்ளே தள்ளியதுதான். மாதிரியின் குணமே மாறிவிட்டது. அடுத்த கட்டம் நிரம்பியிருந்தால் முந்திய கட்டம் விடுபடாது என்ற இந்தத் தடை, தொழிற்சாலை மாதிரிகளில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. படம் வரைந்து மாதிரி கட்டும் மென்பொருளிலும் இதே குழி உண்டு. வளத்தை (தொட்டி, ரோலர் போன்றதை) விடுவிக்கும் கட்டம் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு வளத்துக்கும் கேட்டுப் பாருங்கள்: பொருள் அந்த இடத்தைவிட்டு உண்மையில் நகர்ந்துவிட்டதா?

ரோலரும் தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது. அரைத்த கொழுந்து நொதிக்க ஒரு அளவான நேரம்தான் உண்டு. அது தாண்டினால் தேயிலையின் உறைப்பும் நிறமும் போய்விடும். அதனால் டிரையர் எடுக்கும் வேகத்துக்குத்தான் ரோலருக்குக் கொழுந்து போடுவார்கள். இந்த ஸ்டோரில் அது தொட்டிக்கு 75 நிமிடம்.

மழை அடுத்தடுத்து வரும்

இப்போது மாதிரியில் லொறி நின்றது, ஆனால் குறைவாக, எப்போதாவது. ஒவ்வொரு நாளும் மழையா வெயிலா என்று நாணயம் சுண்டுவது போல் தனித்தனியாக முடிவு செய்திருந்தோம். எங்கள் மலையில் மழை அப்படிப் பெய்யாது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாலு நாள், ஐந்து நாள் விடாது. கணக்கைப் பார்த்தால் முதல் ஈர நாளில் பிரச்சினை வரவே வராது, ஏனென்றால் முந்திய வெயில் நாளின் கொழுந்து சீக்கிரம் வாடித் தொட்டிகளைக் காலி செய்துவிடும். இரண்டாம் ஈர நாளில்தான் சிக்கல். நேற்று 10.30க்கு ஏறியது இன்று 5.30க்குத்தான் வாடும். அதற்கு முன்பு டிரையர் சும்மா கிடக்கும். 5.30லிருந்து 75 நிமிடத்துக்கு ஒரு தொட்டியாகக் காலியாகி வந்தால், பகல் லொறி வரும்போது ஒரு தொட்டி குறையும்.

மழையை எப்படி மாதிரிக்குள் கொண்டுவருவது என்று யோசித்தபோது கணக்கப்பிள்ளைதான் வழி சொன்னார். தோட்ட ஒபிசில் மழைமானி இருக்கிறது, தினமும் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்கள், பழைய புத்தகங்களும் அலுமாரியில் இருக்கின்றன. பத்து வருடத்து ஏப்ரல் முதல் ஜூன் வரையான பக்கங்களைப் போனில் படம் பிடித்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். பரவல் எதுவும் பொருத்தவில்லை. அந்த வருடங்களின் மழையை அப்படியே, நாள் வரிசை கலையாமல், மாதிரிக்குள் விட்டோம். கையில் உண்மையான வரிசை இருக்கும்போது அதை உடைத்துப் பரவலாக்கினால், நாளுக்கும் நாளுக்கும் உள்ள ஒட்டுறவு போய்விடும். எங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒட்டுறவில்தான் இருந்தது.

அப்புறம் ஓட்டிப் பார்த்தோம். இரண்டாம், மூன்றாம் ஈர நாட்களில் மாதிரி காட்டிய காத்திருப்பு 50 முதல் 85 நிமிடம். நாங்கள் மடுவத்தில் நின்று குறித்த மூன்று ஈர நாட்கள் 55, 80, 65. ஜாம்சிம் படத்தை டீமேக்கர் ஐயாவிடம் காட்டினேன். பகல் லொறி நிற்கும் இடத்தில் விரலை வைத்து, "இது சரி" என்றார். அந்திக் கொழுந்து ஏறும் வரிசை மட்டும் தப்பு, கதவுக்குப் பக்கத்துத் தொட்டிகளைக் கடைசிக்கு வைப்போம் என்று திருத்தினார். திருத்தினோம்.

மாதிரியைச் சூடேற்றும் காலம் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் தொட்டிகளோடு தொடங்கும் முதல் சில நாட்களைக் கணக்கிலிருந்து வெட்டிவிடச் சொல்வார்கள். சாதாரண வாரத்தில் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஞாயிறு பறிப்பு இல்லை, சனிக்கிழமைக் கொழுந்து ஞாயிறே முடிந்துவிடும், திங்கள் காலை தொட்டிகள் நிஜமாகவே வெறுமை. ஆனால் கொழுந்து பெருகும் காலத்தில் ஞாயிறும் பறிப்பார்கள். அந்த வாரங்களுக்கு முதல் நாலு நாளை வெட்டினோம். ஒரே ஸ்டோர், ஒரே மாதிரி, இரண்டு விதமான தொடக்கம்.

ரோலரா, தொட்டியா, சூட்டுக் காற்றா

இனித்தான் துரையின் கேள்வி. ஒவ்வொரு மாற்று வழியையும் 30 தடவை ஓட்டினோம். ஒப்பிடும்போது எல்லா வழிக்கும் அதே மழை, அதே லொறித் தாமதம், அதே இயந்திரப் பழுது கிடைக்கும்படி பார்த்துக்கொண்டோம். இதற்கு ஒவ்வொரு விஷயத்துக்கும் தற்செயல் எண்கள் தரும் தனித்தனி ஊற்று வைக்க வேண்டும். லொறிக்கு ஒன்று, வாட்டும் நேரத்துக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தன் விதை எண் (தொடக்க எண்). எல்லாவற்றையும் ஒரே ஊற்றிலிருந்து எடுத்தால், ஒரு ரோலரைக் கூட்டியதும் எண்களின் வரிசை புரண்டு லொறி வரும் நேரமும் மாறிப்போகும். பிறகு தெரியும் வித்தியாசம் ரோலராலா, லொறியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவைச் சொல்லும்போதும் இரண்டு சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், ஓட்டத்துக்கு ஓட்டம் வித்தியாசம் எடுத்து, அந்த வித்தியாசத்துக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டோம். அந்த இடைவெளியின் அகலத்தைக் கணக்கிட உதவும் டி-எண் 30 ஓட்டத்துக்கு 2.045. பத்தே ஓட்டம் என்றால் 2.262.

புது ரோலர்: ஈர நாட்களின் காத்திருப்பு சராசரியாக 4 நிமிடம் குறைந்தது, இடைவெளி 13 நிமிடம் குறைவதிலிருந்து 5 நிமிடம் கூடுவது வரை. பூச்சியம் அதற்குள்ளேயே இருக்கிறது, அதாவது குறைந்ததா என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. தேக்கம் தொட்டியிலிருந்து நகர்ந்து டிரையர் வாயில் போய் நின்றது, அவ்வளவுதான். பதின்மூன்றாவது தொட்டி: 50 நிமிடம் குறைந்தது. நல்ல பலன். ஆனால் மாடியில் இடமில்லை, சுவரை இடித்துக் கட்ட வேண்டும், அந்தச் செலவுக்கு இந்த வருடம் வழியில்லை என்றார் துரை. டிரையரை வேகமாக ஓட்டலாமா என்றும் யாரோ கேட்டார்கள். ஈரம் போகாத தேயிலை கெட்டுப்போகும் என்பதால் அதை ஓட்டிப் பார்க்கவேயில்லை.

நாலாவது வழி டீமேக்கர் ஐயா எங்களோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஈர நாளில் விடிய 5.30 வரை டிரையர் சும்மா இருக்கிறது, அதுதானே பிரச்சினை? "முத ரெண்டு தொட்டிக்கு மட்டும் சூட்டுக் காத்து விட்டா, மூணு மணிக்கு எடுத்துறலாமே" என்றார். மழை நாளில் சூட்டுக் காற்று விடுவது புதிதல்ல. விறகு செலவாகும் என்று எல்லாத் தொட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, ராத்திரியில்தான் விடுவார்கள். காலை நிறுவையின் முதல் இரண்டு தொட்டிக்கு மட்டும் பகலிலிருந்தே விட்டால் 3 மணிக்கு வாடிவிடும், டிரையர் இரண்டரை மணி நேரம் முன்கூட்டியே தொடங்கும். ஈரமும் உலர்வும் காட்டும் இரட்டை வெப்பமானியைப் பார்த்து, இலை கருகாமல் எவ்வளவு விடலாம் என்று அவரே எண் கொடுத்தார். ஓட்டினோம். காத்திருப்பு 62 நிமிடம் குறைந்தது, இடைவெளி 53 முதல் 71 வரை. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மூன்று மணி

துரைக்குச் சந்தோஷம். எனக்கும்தான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "ஈர நாட்களில் அரைக்கும் வேலை 3.00 மணிக்குத் தொடங்கும்" என்று ஒரு வரி எழுதினேன். அரைக்கும் அறையில் நாலு பேர். மாதிரியில் அவர்களை "தொழிலாளர் = 4" என்று எழுதியிருந்தேன்.

அந்த வரியை ஸ்டோரில் படித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நாலு பேரில் மூத்தவர் சொன்னார். அவருடைய லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருக்கிறது, ஸ்டோருக்கு இரண்டு மைல் ஏற்றம். மூன்று மணிக்கு இங்கே நிற்க வேண்டுமானால் இரண்டு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். மழையும் பனிமூட்டமுமாக டோர்ச் வெளிச்சம் நாலு அடிக்கு மேல் போகாது. பாதையில் போன மாதம் சிறுத்தை நாயைத் தூக்கியிருக்கிறது. ரொட்டி சுட்டுக் கொடுக்க வீட்டில் ஒருவர் ஒன்றரை மணிக்கு எழும்ப வேண்டும், அவரும் காலையில் கொழுந்துக்குப் போகிறவர். "செய்ய மாட்டோம்னு சொல்லல. எப்படி வர்றதுன்னு சொல்லுங்க" என்றார்.

அந்தக் கேள்விக்கு மாதிரியில் பதில் இல்லை. அதைக் கேட்கும் இடமே மாதிரியில் இல்லை. அறிக்கையை வாபஸ் வாங்கினேன். இரண்டு வாரம் பேசி மூன்று விஷயம் முடிவானது. மூன்று மணித் தொடக்கம் தொடர்ந்து இரண்டாவது ஈர நாளிலிருந்து மட்டும், முதல் ஈர நாளில் தேவையில்லை என்று மாதிரியே காட்டுகிறது. அந்த நாட்களில் கொழுந்து லொறி கீழ்ப்பிரிவுக்குப் போய் அவர்களை ஏற்றி வரும். அதிகாலை நேரத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு. முதல் நாள் சாயங்காலம் மழைமானியைப் பார்த்து, ஆறு மணிக்குள் டீமேக்கர் ஆள்களுக்குச் சொல்லிவிடுவார். இந்த நிபந்தனைகளோடு மறுபடி ஓட்டினோம். 62 நிமிடம் 57 ஆனது. அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

சிமுலேஷன் செய்கிறவர்கள் ஆளை ஒரு வளமாக, ஒரு எண்ணாக எழுதுகிறோம். எழுதாமல் வேலை நடக்காது. ஆனால் வேலை தொடங்கும் நேரத்தை நகர்த்தும் எந்த வழியையும் அறிக்கையில் எழுதும் முன்பு, அந்த நேரத்துக்கு வர வேண்டியவரிடம் கேட்டுவிடுங்கள். நான் எழுதிய பிறகுதான் கேட்டேன். முறையாக முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நடந்தது

ஓகஸ்டில் ஒரு ஈர வாரமும் அடுத்ததாக ஒரு அரை வாரமும் கிடைத்தன. மொத்தம் ஆறு நாள் மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். அந்த மாதத்தில் வரத்து மே மாதம் போல் இருக்காது என்பதால், அந்த நாட்களின் உண்மையான வரத்தையே மாதிரிக்குள் போட்டு ஒப்பிட்டோம். மாதிரி சொன்னது பெரும்பாலும் காத்திருப்பு இல்லை, இருந்தாலும் 10 நிமிடத்துக்குள். நிஜத்தில் ஐந்து நாளில் 10 முதல் 25 நிமிடம். ஆறாம் நாள் கணக்கில் வராது, பாதையோரம் மண் சரிந்து லொறியே ஒன்றரை மணி பிந்தித்தான் வந்தது.

10க்கும் 25க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எங்கே இருந்து வந்தது என்று தேடினோம். தொட்டி காலியாக இருந்தும் லொறி நின்றிருக்கிறது. கொழுந்துப் பைகளை மேலே ஏற்றிப் பரப்புகிறவர்களும் வாடிய கொழுந்தை வாரி ரோலருக்குத் தள்ளுகிறவர்களும் ஒரே நாலு பேர். லொறி வரும் நேரத்தில் ஒரு தொட்டி காலியாகிக்கொண்டிருந்தால், அதை முடித்துவிட்டுத்தான் இறக்க வருவார்கள். எங்கள் மாதிரியில் ஏற்றுவதற்கு ஆளே தேவைப்படவில்லை, கொழுந்து தானாகவே தொட்டிக்கு நடந்து போனது.

ரோலர் வாங்கும் யோசனையைத் துரை தள்ளி வைத்திருக்கிறார். மாதிரியை டீமேக்கர் ஐயாவின் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், உயர்தரம் படிக்கிறார். மழைமானி எண்ணையும் வரத்தையும் போட்டு அவரே ஓட்டுகிறார். போன கிழமை எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ஏற்றுகிற நாலு பேரை எந்த வரியில் சேர்க்க வேண்டும், அவர்கள் தேநீர் குடிக்கப் போகும் கால் மணி நேரத்தையும் சேர்க்கலாமா? கட்டாயம் சேர்க்கச் சொல்லி, வரி இலக்கத்தை அனுப்பியிருக்கிறேன்.